அப்துல் காதிர்: பிரித்தால் பொருள் போய்விடும் பெயர்

அப்துல் என்று அரபியில் ஒரு பெயர் கிடையாது. 'அப்து' என்றால் அடியான். அதற்குப் பின்னால் வரும் 'அல்', அடுத்த சொல்லுக்கு உரியது. இரண்டும் ஒட்டி ஒலிக்கும்போது நம் காதில் 'அப்துல்' என்று விழுகிறது. அங்கேயே நிறுத்திவிட்டால் யாருடைய அடியான் என்பது சொல்லப்படாமல் நின்றுவிடும். 'காதிர்' வந்து சேரும்போதுதான் அது பெயர் ஆகிறது: ஆற்றல் மிக்க இறைவனின் அடியான்.

துபாய் தேராவில் ஒரு டைப்பிங் சென்டரில் பல வருடம் உட்கார்ந்து, வருகிறவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்து அரபியில் விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தவன் நான். விசா, லேபர் கார்டு, எமிரேட்ஸ் ஐடி, குடும்பத்தை அழைத்துவரும் மனு என எல்லாவற்றிலும் பெயரை இரண்டு மொழியிலும் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அரபியில் எப்படி எழுதுவது என்பது பெரும்பாலும் டைப் அடிக்கிறவன் கையில்தான். பாஸ்போர்ட்டைத் திறந்ததும் என் கண் முதலில் போவது போட்டோவுக்கு அல்ல, பெயரை எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்பதற்குத்தான்.

எங்கள் கீழக்கரைப் பக்கம் பேச்சில் 'காதிர்' என்பது 'காதர்' ஆகிவிடும். அப்துல் காதர் இல்லாத தெரு இருக்காது. என் பாட்டனார் அப்துல் காதர், என் மகனும் அப்துல் காதர். அதனால் இந்த ஒரு பெயரோடு எனக்கு உள்ள பழக்கம் வேறு எந்தப் பெயரோடும் இல்லை. இந்தப் பெயர் படுகிற பாட்டைப் பார்த்தவன் என்ற முறையிலும், இதன் பெருமை தெரிந்தவன் என்ற முறையிலும், பிள்ளைக்கு இந்தப் பெயரையோ 'அப்துல்' என்று தொடங்கும் வேறு பெயரையோ வைக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எழுத்து. அரபியில் 'க' என்று நாம் கேட்கும் ஒலிக்குப் பல எழுத்துகள் உண்டு. காதிர் என்பதில் வருவது 'காஃப்' என்ற தொண்டையடி எழுத்து. இரண்டு புள்ளி வைத்தது. நாக்கின் அடிப்பகுதியிலிருந்து வரும். நம் ஊர் ஓதற பள்ளியில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உஸ்தாது படும் பாடு எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் இதற்குச் சரியான எழுத்து இல்லாததால், சிலர் 'க்யூ' போட்டு எழுதுவார்கள், சிலர் 'கே' போடுவார்கள். இலங்கையில் 'சி' போட்டு எழுதும் பழைய குடும்பங்கள் உண்டு. கேரளத்தில் 'கே'யும் 'ஹெச்'சும் சேர்த்து எழுதுவார்கள். மலையாளத்தில் இந்தப் பெயரை அழுத்தமான இரண்டாம் 'க' போட்டு எழுதும் வழக்கம் இருப்பதால் வந்தது அது. நடிகர் பிரேம் நசீரின் இயற்பெயரான அப்துல் காதரையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள். நம் பக்கத்திலும் அந்த வழக்கம் பரவலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவுக்குள் இருக்கும்வரை இதில் ஒரு தொல்லையும் இல்லை. அரபு நாட்டுக்குள் நுழையும்போதுதான் வேலையைக் காட்டும். வெறும் 'கே' போட்டு எழுதிய காதரை, விவரம் தெரியாத ஒருவரோ தானாக எழுத்துமாற்றும் மென்பொருளோ அரபியில் மாற்றினால், தொண்டையடிக் காஃபுக்குப் பதில் சாதாரண 'காப்' வந்து உட்கார்ந்துவிடும். அப்படி எழுதிய 'காதிர்' அரபியில் வேறு சொல். ஊழியர் குழு, பணியாளர் அணி என்று பொருள். பிரெஞ்சிலிருந்து இன்றைய அரபிக்கு வந்த சொல். செய்தித்தாளில் 'மருத்துவ காதிர்' என்றால் மருத்துவமனைப் பணியாளர்கள் என்று அர்த்தம். 'ஹெச்' சேர்த்து எழுதிய காதரோ இன்னொரு திசைக்குப் போகும். பாலஸ்தீனம், ஜோர்டான், சிரியாப் பக்கம் ஆங்கிலத்தில் அப்படி எழுதுவது கிள்று நபியின் பெயரை. அந்த ஊர்க்காரர் பார்த்தால் 'கிள்றின் அடியான்' என்றுதான் படிப்பார். இறைவனைத் தவிர வேறு யாருக்கும் அடியான் என்று பெயர் வைப்பதை முஸ்லிம்கள் ஏற்பதில்லை என்பதால் ஒரு நொடி அவர் நெற்றி சுருங்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து மேசையில் ஓர் எகிப்துக்காரர் இருந்தார். வயதில் மூத்தவர், அரபி இலக்கணத்தில் ஊறியவர். பெயரை அடிக்கும்போது மட்டும் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். "பாஸ்போர்ட்டைப் பார்த்து அடிக்காதே, ஆளைக் கேட்டு அடி" என்பார். அவர் கற்றுக்கொடுத்த வழியைத்தான் கடைசிவரை பின்பற்றினேன். நம் ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் ஒரு துண்டுத்தாளும் பேனாவும் கொடுத்து, "காக்கா, உங்க பேரை அரபியில எழுதுங்க" என்பேன். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கட்டட வேலைக்கு வந்தவர்கள், மளிகைக்கடையில் நிற்பவர்கள், ஹவுஸ் டிரைவர்கள் எனப் பல பேர் வருவார்கள். ஆங்கில விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவே கூச்சப்படுவார்கள். அரபியில் எழுதச் சொன்னால் முகம் மாறிவிடும். வலமிருந்து இடமாக, ஐன், பா, தால், ஒரு இடைவெளி விட்டு அலிஃப், லாம், காஃப், அலிஃப், தால், ரா என்று நிதானமாக எழுதி, காஃபுக்கு இரண்டு புள்ளியும் வைத்து, தாளை என் பக்கம் திருப்புவார்கள். ஒரு பிழை இருக்காது. சின்ன வயதில் மக்தபில் குர்ஆன் ஓதிய கை. தமிழையே அரபி எழுத்தில் எழுதிய அர்வி மரபு எங்கள் கடற்கரையில் நூற்றாண்டுக்கணக்கில் இருந்தது. கடிதம், கணக்கு, மார்க்கச் சட்ட நூல்கள், பெண்கள் படித்த பாடல்கள் எல்லாம் அதில் இருந்தன. என் பாட்டனார் கடன் கணக்கை அர்வியில்தான் எழுதிவைத்திருந்தார். அந்த மரபின் கடைசிச் சுவடு இந்தத் துண்டுத்தாள்களில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பலவற்றைக் கிழித்துப்போட மனம் வராமல் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தேன்.

ஆகவே வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் காரியம் இதுதான். உங்கள் பெயரையும் வாப்பாவின், அதாவது தந்தையின், பெயரையும் அரபியில் சரியாக எழுதிய தாள் ஒன்றைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எழுதத் தெரியாவிட்டால் ஊர்ப் பள்ளி இமாமிடம் போய் எழுதி வாங்குங்கள். முதல் விசாவில் அரபிப் பெயர் எப்படி ஏறுகிறதோ அதைப் பார்த்துத்தான் பின்னால் வருகிற ஐடி, லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாம் வரும். முதல் தாளிலேயே பார்த்துவிட்டால் அடுத்தடுத்து அலைய வேண்டாம்.

'அப்துல்'லா 'அப்தெல்'லா 'அப்தில்'லா என்று சிலர் குழம்புவார்கள். அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. அரபி எழுத்தில் எல்லாம் ஒன்றே. எகிப்தில் 'அப்தெல்' என்பார்கள். அல்ஜீரியா, மொராக்கோவில் பிரெஞ்சு முறையில் 'அப்தெல்காதர்' என்று இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுவார்கள். துருக்கியிலும் ஒரே சொல்தான். எனக்குப் பிடித்த முறை அது. பெயரை யாரும் வெட்ட முடியாது. கெய்ரோக்காரர் பேச்சில் தொண்டையடிக் காஃப் அப்படியே விழுங்கப்பட்டுவிடும். 'அப்தெல் ஆதர்' என்று கூப்பிடுவார். மருத்துவப் பரிசோதனைக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் ஆள், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்தே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதுபோல அப்துர் ரஹ்மான், அப்துஸ் ஸமது, அப்துன் நாசிர் என்றெல்லாம் 'ல்' மாறி ஒலிக்கும் பெயர்கள் உண்டு. அரபியில் சில எழுத்துகளுக்கு முன்னால் லாம் ஒலி அந்த எழுத்தோடு கலந்துவிடும். பாஸ்போர்ட்டில் 'அப்துல் ரஹ்மான்' என்று இருந்தால் தப்பு என்று யாரோ சொல்ல, அதைத் திருத்தப் பணம் கட்டிக் கிளம்பியவர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். ஒலியில்தான் மாற்றம். அரபியில் எழுதும்போது லாம் இருந்தே தீரும். அதற்காக ஆவணத்தை மாற்ற வேண்டியதில்லை.

இனி இந்தப் பெயர் எங்கிருந்து இவ்வளவு தூரம் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இறைவனின் பெயர்களில் ஒன்றோடு 'அப்து' சேர்த்துப் பெயர் வைப்பது பழைய வழக்கம். அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்ற நபிமொழி, இமாம் முஸ்லிம் தொகுத்த நூலில் இருக்கிறது. அந்த வழியில்தான் அப்துல் காதிரும். ஆனால் உலகம் முழுக்க இந்தப் பெயர் இத்தனை வீடுகளில் இருப்பதற்கு ஒரு மனிதர் காரணம்: பாக்தாதில் அடங்கியிருக்கும் ஷைகு அப்துல் காதிர் ஜீலானி. காஸ்பியன் கடலோரத்து ஜீலான் பகுதியில் 1077 வாக்கில் பிறந்தவர். இளைஞராக 1095இல் பாக்தாதுக்குப் படிக்கப் போனார். ஹன்பலி மத்ஹபு என்னும் சட்டப்பள்ளியின் அறிஞராகவும் சொற்பொழிவாளராகவும் ஆகி, 1166இல் அங்கேயே மறைந்தார். அவர் பெயரால் வந்ததுதான் காதிரிய்யா தரீக்கா என்ற சூஃபி வழி.

அவர் படிக்கக் கிளம்பியபோது உம்மா நாற்பது பொற்காசை அங்கியில் வைத்துத் தைத்து, எந்த நிலையிலும் பொய் சொல்லாதே என்று அனுப்பினார் என்றும், வழிமறித்த கொள்ளையரிடம் காசு இருக்கும் இடத்தைப் பிள்ளை உள்ளபடி சொன்னதால் கொள்ளையர் தலைவன் திருந்தினான் என்றும் ஒரு கதை உண்டு. எங்கள் வீடுகளில் அதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இருக்காது. என் உம்மா சொல்லும்போது கொள்ளையன் அழுகிற இடத்தில் அவரும் அழுதுவிடுவார்.

அவருக்கு வழங்கிய பட்டம் முஹ்யித்தீன். மார்க்கத்துக்கு உயிரூட்டியவர் என்று பொருள். அதுதான் நம் நாவில் முகைதீன், மொகிதீன், மொய்தீன் என்றெல்லாம் ஆனது. காதர் முகைதீன் என்று ஒருவருக்குப் பெயர் இருந்தால், ஒரே மகானின் பெயரும் பட்டமும் சேர்ந்து அவர் தலையில் இருக்கிறது என்று அர்த்தம். இதைச் சொன்னதும், ஐம்பது வயதுக் காதர் முகைதீன் ஒருவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "எனக்கு இது தெரியவே தெரியாதே வாப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டைப்பிங்கில் இதற்கும் அதே தொல்லை. 'மொய்தீன்' என்று ஆங்கிலத்தில் இருப்பதை ஒலிப்படி அரபியாக்கினால் பொருளற்ற எழுத்துக்கோவைதான் கிடைக்கும். மூலத்தைத் தெரிந்தவர்தான் 'முஹ்யி அத்தீன்' என்று சரியாகப் போடுவார்.

ஒருநாள் அல்ஜீரியாக்காரர் ஒருவர் கம்பெனி வேலையாக வந்து காத்திருந்தார். நான் ஒரு கீழக்கரைக்காரரின் பெயரை உரக்கப் படித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்: "அப்துல் காதிர், வாப்பா பேரு முஹ்யித்தீன்." அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். "இது எங்கள் அமீரின் பெயர் அல்லவா!" என்றார்.

அவர் சொன்னது அமீர் அப்துல் காதிரைப் பற்றி. 1808இல் பிறந்தவர். தந்தை பெயர் முஹ்யித்தீன், காதிரிய்யா தரீக்காவின் ஷைகு. பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவுக்குள் வந்தபோது 1832இலிருந்து 1847 வரை எதிர்த்து நின்றார். சரணடைந்த பின் பிரான்ஸில் சிறைவைக்கப்பட்டு, 1852இல் விடுவிக்கப்பட்டு, கடைசியில் டமாஸ்கஸில் குடியேறினார். 1860இல் அங்கே கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டபோது தன் ஆட்களை அனுப்பி, ஆயிரக்கணக்கானவர்களைத் தன் வீட்டிலும் கோட்டையிலும் வைத்துக் காப்பாற்றினார். 1883இல் டமாஸ்கஸிலேயே இறந்தார். அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் 1846இல் உருவான ஒரு சிற்றூருக்கு, அவர் போராடிக்கொண்டிருந்த காலத்திலேயே எல்காதர் என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அல்ஜீரியாவில் அப்துல் காதிர்களைச் செல்லமாகக் 'கத்தூர்' என்று கூப்பிடுவார்களாம். அன்று என் மேசைக்கு வந்த கீழக்கரைக்காரருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவருக்கும் அல்ஜீரியாக்காரருக்கும் பொதுவாகப் பத்து அரபிச் சொல்கூட இல்லை. ஆனாலும் இருவரும் எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தந்தை முஹ்யித்தீன், மகன் அப்துல் காதிர் என்ற அதே அடுக்கு இரண்டு கடற்கரையிலும் ஒரே காரணத்தால் வந்திருக்கிறது.

நம் கடற்கரைக்கு அந்தப் பெயர் வந்த வழியும் காதிரிய்யா வழிதான். நாகூர் ஆண்டவரின் முழுப்பெயர் செய்யிது அப்துல் காதிர் ஷாகுல் ஹமீது. தமிழ்நாட்டில் ஷாகுல் ஹமீது என்ற பெயர் எந்த வீட்டில் இருந்தாலும் அதன் மூலம் நாகூர்தான். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா என்றே கட்டடங்கள் எழுந்ததற்குக் கப்பல் ஏறிப்போன தமிழ் முஸ்லிம் வணிகர்களான நம் மரைக்காயர்களும் சூலியர்களும் காரணம். காயல்பட்டினத்தில் 1632இல் பிறந்து கீழக்கரையில் 1703இல் அடங்கிய சதக்கத்துல்லாஹ் அப்பா, ஜீலானி அவர்கள்மீது அரபியில் பாடிய குத்பிய்யத்து கேரளத்திலும் இன்றுவரை ஓதப்படுகிறது. அப்படி ஓதலாமா கூடாதா என்று நம்மிடையே இன்று வாக்குவாதம் உண்டு. அதற்குள் நான் போகவில்லை. பெயர் எப்படி வேர்விட்டது என்பதற்காகச் சொன்னேன்.

சதக்கத்துல்லாஹ் அப்பா காலத்து வள்ளல் சீதக்காதி. உமறுப்புலவரை ஆதரித்தவர், கிழவன் சேதுபதியின் நண்பர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற பழமொழியைச் சாதி மதம் பார்க்காமல் தமிழ்நாடே சொல்கிறது. சீதக்காதி என்பது வேறொன்றும் இல்லை, ஷைகு அப்துல் காதிர்தான். தமிழ் நாவில் உருண்டு உருண்டு அந்த வடிவத்துக்கு வந்துவிட்டது. குணங்குடி மஸ்தான் சாகிபின் இயற்பெயரும் சுல்தான் அப்துல் காதிர். முகைதீன் ஆண்டவரைக் குருவாக வைத்து அவர் பாடிய பாட்டுகளைப் பாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு, 'அப்துல்' ஒரு கட்டத்திலும் 'காதர்' இன்னொரு கட்டத்திலும் கிடக்கிற விண்ணப்பத்தைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

அந்தக் கட்டங்களுக்கு வருகிறேன். பெயர் வெட்டுப்படுவது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில். தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து இருந்தால் அது வாப்பாவின் பெயர் என்பது வழக்கம். சேர்க்கையில் 'அப்துல்' சுருங்கி 'ஏ' ஆகிவிடும். பிள்ளை 'ஏ. காதர்' என்று பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்குவான். அல்லது தலைகீழாக 'கே. அப்துல்' ஆவான். பாஸ்போர்ட் எடுக்கும்போது 'ஏ'யை விரிக்கச் சொன்னால் அங்கே வாப்பா பெயர் வர வேண்டும். அவர் பெயர் 'ஏ'யில் தொடங்காது. இரண்டு ஆவணத்தில் இரண்டு ஆள் என்று ஆகிவிடும். பட்டச் சான்றிதழைத் தூதரக முத்திரைக்குக் கொடுக்கும் நாளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

ஆகவே பிறப்புப் பதிவிலேயே தொடங்குங்கள். ஏழாம் நாள் ஆடு அறுத்து அகீகா கொடுத்துப் பெயர் வைக்கிறோம். பிறப்புச் சான்றில் அதே வாரம் ஏற்றிவிடலாம். ஒரு வருடத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆங்கில எழுத்தை வீட்டுக்குள் முடிவுசெய்துகொண்டு போங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் தனக்குப் பழக்கமானபடி எழுதிவிடுவார். புதிதாகப் பெயர் வைக்கும் குடும்பத்துக்கு நான் 'க்யூ' போட்டு எழுதத்தான் சொல்வேன். அரபுக்காரர் பார்த்ததும் சரியான எழுத்தைப் போடுவார். அதே சமயம் குடும்பத்தில் ஏற்கெனவே வாப்பாவும் பாட்டனும் 'கே'யில் எழுதி, சொத்துப் பத்திரம் முதல் எல்லாம் அப்படியே இருந்தால் அதைக் கலைக்காதீர்கள். ஒரே குடும்பத்தில் ஒரே எழுத்து இருப்பது சரியான எழுத்து இருப்பதைவிட முக்கியம்.

பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டம். கிவன் நேம் கட்டத்தில் 'அப்துல் காதிர்' முழுவதையும் போடுங்கள். சர்நேம் கட்டத்தில் வாப்பா பெயரைப் போடுங்கள். நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லையே என்று தயங்க வேண்டாம். அரபுக்காரர் முறையும் அதுதான். மகன் பெயர், அடுத்து தந்தை பெயர், அடுத்து பாட்டன் பெயர் என்று சங்கிலியாகப் போகும். 'அப்துல் காதிர் ஷேக் முகம்மது' என்று படிக்கிற அரபு அதிகாரி, ஷேக் முகம்மதுவின் மகன் அப்துல் காதிர் என்று தானாகப் புரிந்துகொள்வார். நம் ஊர் இனிஷியலை விரித்துப் பின்னால் வைத்தால் கிடைப்பதும் அதே வரிசைதான். அப்துல் கலாமின் ஏ.பி.ஜே.யும் அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என்ற மூத்தோர் சங்கிலியே. அங்கே அது முன்னால் நிற்கிறது, அரபியில் பின்னால் நிற்கும்.

சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் உள்ளே விடுவதில்லை என்று விமான நிறுவனங்களுக்கு அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனாலும் அந்த நாட்களில் விமான நிலையத்திலிருந்து திரும்பியவர்களின் அலைச்சலைப் போனில் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கம் போயிற்று.

நீளத்தையும் பாருங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 44 இடம். முதல் வரியில் பெயருக்குக் கிடைப்பது 39தான், சொற்களுக்கு நடுவே வரும் நிரப்புக்குறியும் அதற்குள் அடக்கம். செய்யிது, முகம்மது, அப்துல் காதிர், முகைதீன் என்று ஆசைக்கு அடுக்கி, அதோடு வாப்பாவின் நீளப் பெயரும் சேர்ந்தால் வால் அறுந்துவிடும். பெரியவர்கள் மனம் கோணாமல் ஒரு மகானின் பெயர் போதும் என்று பேசி முடிவுசெய்வது நல்லது. நான் என் மகனுக்கு வெறும் அப்துல் காதிர் என்றுதான் வைத்தேன். முகைதீனும் சேரவில்லையே என்று என் மாமியார் வருத்தப்பட்டார். பட்டம் பெயருக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லிச் சமாதானம் செய்தேன்.

கூப்பிடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டன் பெயரை வைத்த பிள்ளையை அதட்டும்போது அந்தப் பெயரைச் சொல்ல எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நா எழாது. என் மனைவி மகனைத் 'தம்பி வாப்பா' என்றுதான் கூப்பிடுகிறாள். அது அழகு. அலுவலகங்களில் 'மிஸ்டர் அப்துல்' என்று கூப்பிடுவதைத்தான் நான் ஏற்பதில்லை. வெளிநாட்டில் வேலைசெய்யும் இளைஞர்கள் அறிமுகம் செய்துகொள்ளும் முதல் நாளே "என்னை அப்துல் காதிர் என்று கூப்பிடுங்கள், இரண்டும் சேர்ந்து ஒரே பெயர்" என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். வெறும் 'காதர்' என்று கூப்பிடலாமா என்று சிலர் கேட்பார்கள். ரஹ்மான், ஸமது, காலிக் போன்ற இறைவனுக்கே உரிய பெயர்களை அப்து இல்லாமல் மனிதருக்குச் சொல்லக் கூடாது என்று மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். காதிர் என்ற சொல் 'இயன்றவர்' என்ற பொருளில் மனிதருக்கும் வழங்கும் என்பதால் அதில் அவ்வளவு கடுமை காட்டுவதில்லை. எங்கள் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகக் காதர் காக்கா, காதர் மாமா என்றே அழைத்துவந்திருக்கிறோம். எனக்கு அதில் மனத்தடை இல்லை. முடிந்தவர்கள் முழுதாகச் சொன்னால் நல்லதுதான்.

ஏற்கெனவே பெயர் வெட்டுப்பட்ட ஆவணங்களோடு இருப்பவர்கள் பதற வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றப் போகாதீர்கள். பள்ளிச் சான்றிதழில் எப்படி இருக்கிறது, பிறப்புச் சான்றில் எப்படி இருக்கிறது என்று முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது முழுப்பெயராக இருக்கிறதோ அதை அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கு இணக்குங்கள். பெயரே மாறுகிறது என்றால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும், எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையில் விண்ணப்பிக்கலாம். பிறகு ஆதார், அதன்பின் பாஸ்போர்ட். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால் அவசரப்பட்டு ஒரு வாய்ப்பைத் தொலைக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு உடனே மாற்ற முடியாதவர்கள், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் எழுதி வாங்கி, அதில் இரண்டு எழுத்துமுறையையும் முழுதாகக் குறிப்பிட்டு, பட்டச் சான்றிதழோடு சேர்த்து வைத்திருங்கள். பல நிறுவனங்களில் அதை ஏற்றுக்கொண்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்திரத்திலும் மறக்காமல் பெயரை அரபியில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.